கறுப்புத் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம்: கட்டுரை திருத்தவும் நிரல் பழகவும் டெர்மினேட்டர்



முதலில் என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், படிவம் 5 மாணவர்கள் எழுதித் தந்த 34 கட்டுரைகளை ஒரே நொடியில் அழித்தவள் நான். வேர்டு கோப்புகளாக வந்தவை 'அசல்' என்ற கோப்புறையில் இருந்தன. அவற்றை வெறும் உரைக்கோப்பாக மாற்றி 'நகல்' என்ற கோப்புறையில் போட்டிருந்தேன். மாற்றும்போது எழுத்துக் குறியீட்டைத் தவறாகக் கொடுத்ததால் நகலில் தமிழ் எழுத்துக்குப் பதில் வரிவரியாகக் கேள்விக்குறிகள். சரி, நகலை அழித்துவிட்டு மறுபடியும் மாற்றலாம் என்று நினைத்தேன். திரையில் இரண்டு முனையச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. அழிக்கும் கட்டளையை எதில் தட்டினேன் என்று சொல்லவும் வேண்டுமா?

முனையத்தில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது. போனது போனதுதான். புலனத்திலும் மின்னஞ்சலிலும் தேடி, மாணவர்களைக் கெஞ்சி, 31 கட்டுரைகளைத் திரும்ப வாங்கினேன். மூன்று பேரிடம் வேறு படி இல்லை. அவர்கள் மறுபடியும் எழுதினார்கள். அதில் ஒரு மாணவி, "டீச்சர், முதல்ல எழுதுன மாதிரி வரல" என்று சொல்லிவிட்டுத் தாளை நீட்டினாள். அந்த முதல் கட்டுரையை நான் படித்திருந்தேன். அவள் சொன்னது உண்மை.

அதற்குப் பிறகுதான் சாளரத்தைப் பிரித்து வேலை செய்யும் முனையத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். வேலை வேகமாக நடக்கும் என்பது உண்மை. ஆனால் எனக்கு முதல் பயன் அதுவல்ல. எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்பது எப்போதும் கண்முன்னே தெரிகிறதே, அதுதான்.

முனையம் என்றால் என்ன?

ஒரு காலத்தில் கணினி பெரிய அறையில் இருந்தது. அதனோடு பேசுவதற்கு ஒரு திரையும் விசைப்பலகையும் சேர்ந்த தனிக்கருவி மேசையில் இருந்தது. அதற்குத்தான் முனையம் என்று பெயர். டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 அவற்றுள் புகழ்பெற்றது. அதன் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. இன்று நாம் மடிக்கணினியில் திறக்கும் கறுப்புத் திரை அந்தக் கருவியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள். அதனால் அதை முனையப் போலி என்பார்கள். இன்றைக்கும் பல முனையப் போலிகள் திறந்தவுடன் 80க்கு 24 என்ற அளவிலேயே நிற்பதைப் பார்க்கலாம்.

பழைய கருவி ஒரு திரை, ஒரு வேலை. நம் வேலை அப்படி இல்லையே. ஒரு பக்கம் மாணவர் கட்டுரை, இன்னொரு பக்கம் பிழைப்பட்டியல், மூன்றாவது பக்கம் சொல் எண்ணிக்கை. இதற்கு மூன்று சாளரம் திறந்தால் ஒன்றை ஒன்று மறைக்கும். சுட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாழையிலையில் சோறு, கறி, கூட்டு, ஊறுகாய் எல்லாம் தனித்தனி இடத்தில், எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது இல்லையா? அப்படி ஒரே சாளரத்தைக் கட்டங்களாகப் பிரித்துக்கொடுப்பதுதான் டெர்மினேட்டர் போன்ற மென்பொருள்களின் வேலை.

டெர்மினேட்டரை 2007இல் கிறிஸ் ஜோன்ஸ் என்பவர் தொடங்கினார். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, கட்டற்ற மென்பொருள், லினக்ஸில் ஓடுவது. உபுண்டு வைத்திருப்பவர்கள் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெர்மினேட்டர் என்று ஒரே வரியில் நிறுவிக்கொள்ளலாம். (இந்தக் கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் ஒலியில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.) விண்டோஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் பின்னால் வழி சொல்கிறேன்.

பிரிப்பதும் நகர்வதும்

டெர்மினேட்டரைத் திறந்து, கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டினால் திரை மேல், கீழ் என இரண்டாகும். அதே இரண்டு விசைகளோடு ஆங்கில 'இ' எழுத்தைத் தட்டினால் இடம், வலம் எனப் பிரியும். எது ஓ, எது இ என்று குழப்பம் வரும். எனக்கும் வந்தது. ஹாரிசான்டல், வெர்டிகல் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களிலும் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். முதலாவதில் ஓ, அடுத்ததில் இ. அப்புறம் மறக்காது. இதில் ஒரு நுட்பம்: ஹாரிசான்டல் என்பது கட்டங்களுக்கு நடுவே விழும் கோட்டைக் குறிக்கிறது. கோடு குறுக்காக விழுந்தால் கட்டங்கள் மேலும் கீழும்தானே வரும்? சில மென்பொருள்கள் இதை நேர்மாறாகச் சொல்கின்றன. பெயரை நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இங்கே ஒரு தொல்லை வரலாம். ஐபஸின் சில பதிப்புகள் கண்ட்ரோல், ஷிப்ட், இ சேர்க்கையை எமோஜி படம் தேடுவதற்கு எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் தட்டினால் கட்டம் பிரியாது. அடிக்கோடிட்ட ஒரு 'இ' எழுத்து மட்டும் தோன்றும். மென்பொருள் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்காதீங்க. ஐபஸ் அமைப்பில் எமோஜி பகுதிக்குப் போய் அந்தக் குறுக்குவிசையை நீக்கினால் போதும்.

கட்டத்திலிருந்து கட்டத்துக்குப் போக ஆல்ட் விசையோடு அம்புக்குறி. கட்டத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கண்ட்ரோல், ஷிப்டோடு அம்புக்குறி. ஒரு கட்டத்தை மட்டும் தற்காலிகமாகத் திரை முழுக்க விரிக்க கண்ட்ரோல், ஷிப்ட், எக்ஸ். மறுபடியும் அதையே தட்டினால் பழைய நிலை. நீளமான கட்டுரையைப் படிக்கும்போது இந்த எக்ஸ் விசையைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

புதியவர்கள் கட்டாயம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முனையத்தில் கண்ட்ரோல், சி என்பது படியெடுக்கும் விசை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தும் விசை. படியெடுக்கவும் ஒட்டவும் ஷிப்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கண்ட்ரோல், ஷிப்ட், சி, கண்ட்ரோல், ஷிப்ட், வி.

ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே சிறு தலைப்புப்பட்டை இருக்கும். எந்தக் கட்டத்தில் நீங்கள் தட்டுகிறீர்களோ அதன் பட்டை சிவப்பாகும். பட்டையில் இரண்டுமுறை சொடுக்கினால் பெயரை மாற்றலாம். நான் 'அசல்: தொடாதே' என்று ஒன்றுக்கு வைத்திருக்கிறேன். பெயரோடு நிறமும் மாற்றலாம். அமைப்புகளில் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கி அதன் பின்னணியை அடர்சிவப்பாக வையுங்கள். அசல் கோப்புறைக்குரிய கட்டத்தில் வலச்சொடுக்கிட்டு அந்தச் சுயவிவரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை இரண்டாவது முறை எழுதியிருக்க மாட்டாள்.

நிறம் மட்டும் போதாது. அசல் கோப்புறைக்கு எழுதும் உரிமையை எடுத்துவிடுவதும் அவசியம். சி-எச்-மோட் என்ற கட்டளையோடு கழித்தல்குறி, பெரிய ஆர், பிறகு 'ஏ கழித்தல் டபிள்யூ', பிறகு கோப்புறையின் பெயர். அதன்பின் தவறுதலாக அழிக்கும் கட்டளை கொடுத்தாலும் அனுமதி இல்லை என்று கணினி மறுத்துவிடும்.

34 கட்டுரையை ஒரே நேரத்தில் துழாவுவது

இப்போது தமிழாசிரியர்களுக்குரிய பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேர்டு கோப்பு உண்மையில் சுருக்கிக் கட்டப்பட்ட ஒரு பொட்டலம். அதற்குள் நேரடியாகச் சொல்லைத் தேட முடியாது. அதனால் முதலில் உரைக்கோப்பாக மாற்ற வேண்டும். லிப்ரே ஆபிஸில் சேமிக்கும்போது குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் வகையை எடுத்து, யூனிகோடு யூடிஎப்-8 கொடுங்கள். நான் கோட்டைவிட்டது இதில்தான். நிறைய கோப்புகள் இருந்தால் பாண்டாக் என்ற மென்பொருள் நல்லது. அது எப்போதும் யூடிஎப்-8இல்தான் எழுதும். ஆனால் அது வரிகளை இடையிலேயே மடித்துவிடும். 'ராப்' என்ற தெரிவுக்கு 'நன்' என்று மதிப்புக் கொடுத்தால் மடிக்காது. கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். இடைவெளி விட்டால் முனையம் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும்.

மாற்றி முடித்ததும் என் திரை இப்படி இருக்கும். இடப்பக்கம் உயரமான கட்டம், அதில் ஒரு மாணவரின் கட்டுரை. வலப்பக்கம் மேலே தேடல். வலப்பக்கம் கீழே எண்ணிக்கை. மூன்றே கட்டம்.

தேடலுக்கு உதவுவது கிரெப் என்ற சிறிய கட்டளை. ஜி, ஆர், இ, பி என்ற நான்கு எழுத்து. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் எல்லாக் கோப்பிலும் தேடி, அது வரும் வரிகளைக் காட்டும். கழித்தல்குறியோடு 'என்' சேர்த்தால் வரி எண்ணும் வரும். இதைத் தமிழ் இலக்கணத்தோடு சேர்த்தால் என்ன நடக்கிறது பாருங்கள்.

நம் மாணவர்கள் அதிகமாகச் செய்யும் பிழைகளில் ஒன்று, ட், ற் என்ற ஒற்றுக்குப் பக்கத்தில் இன்னோர் ஒற்றைப் போடுவது. முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு, கற்ப்பனை, காட்ச்சி, நட்ப்பு. ய், ர், ழ் என்ற மூன்றும் தமக்குப் பின் இன்னோர் ஒற்றைத் தாங்கும்: வாய்ப்பு, பார்த்தான், வாழ்க்கை. ட், ற் தாங்காது. இதை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! கிரெப்புக்கு ட்க், ட்ச், ட்ப், ற்க், ற்ச், ற்ப் என்ற ஆறு துண்டுகளையும் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கழித்தல்குறியும் ஆங்கில 'இ'யும் வர வேண்டும். 34 கட்டுரையிலும் உள்ள அந்த வகைப் பிழைகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து நிற்கும். தமிழ்ச் சொற்களில் சரியான வடிவம் எதிலும் இந்தச் சேர்க்கை வராததால், வந்தவை பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஒரு, ஓர். 'ஒரு' என்ற சொல், ஓர் இடைவெளி, அதற்குப் பின் சதுர அடைப்புக்குறிக்குள் அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் வரிசையாகத் தட்டுங்கள். அடைப்புக்குள் இருப்பவற்றில் ஏதேனும் ஒன்று என்று கிரெப் புரிந்துகொள்ளும். ஒரு ஊரில், ஒரு ஆண்டு, ஒரு இனிய என்பவை எல்லாம் வந்து விழும். நேர்மாறாகத் தேட 'ஓர்' போட்டு, அடைப்புக்குறியின் தொடக்கத்தில் தொப்பிக்குறி ஒன்று சேர்த்தால் 'ஓர் நாள்', 'ஓர் பெண்' போன்றவை கிடைக்கும்.

எல்லாத் தேடலும் இவ்வளவு சுத்தமாக இருக்காது. கௌரவம் என்பதில் ஔகார உயிர்மெய்க்குப் பதிலாக 'கெ'யையும் 'ள'வையும் தனித்தனியாகத் தட்டி 'கெளரவம்' என்று எழுதும் பிழை உண்டு. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இதைப் பிடிக்கலாம் என்று எகரக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தேடினால் வெள்ளி, தெளிவு, வெளியூர் எல்லாம் சேர்ந்து வந்து கூட்டம் போடும். அங்கே நம் கண்தான் பிரித்தறிய வேண்டும். இன்னொரு பொல்லாத இடம்: ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும் தட்டலாம், எகரக்கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் கிரெப்புக்கு இரண்டும் வேறு வேறு. இருக்கிற சொல்லை இல்லை என்று அது சொன்னால் இதைச் சந்தேகப்படுங்கள்.

தேடிய சொற்களை மட்டும் தனியே எடுத்து, வரிசைப்படுத்தி, எத்தனை முறை வந்தது என்று எண்ணவும் வழி இருக்கிறது. கிரெப்பின் முடிவைக் குழாய்க்குறி மூலம் சார்ட் கட்டளைக்கும், அங்கிருந்து யூனிக் கட்டளைக்கும் அனுப்ப வேண்டும்; யூனிக்கோடு கழித்தல்குறியும் சி எழுத்தும். வகுப்பின் பிழைப்பட்டியல் எண்ணிக்கையோடு கிடைக்கும். மறுநாள் இலக்கணப் பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும். என் வகுப்பில் 'அதற்க்கு' முதலிடத்தில் நின்றது. நான் 'முயற்ச்சி' என்றுதான் பந்தயம் கட்டியிருப்பேன்.

கருத்து, நடை, உணர்ச்சி எதையும் கிரெப் பார்க்காது. அதை நாம்தான் படிக்க வேண்டும். எழுத்துப்பிழை வேட்டையில் போகும் அரைமணி நேரம் மிச்சமானால், அதைக் கட்டுரையை நிதானமாகப் படிக்கச் செலவழிக்கலாம்.

கீழே எண்ணிக்கைக் கட்டம் என்றேனே, அதில் டபிள்யூ-சி என்ற கட்டளை ஓடுகிறது. அதோடு கழித்தல்குறி, டபிள்யூ சேர்த்தால் சொற்களை எண்ணும். முன்னால் வாட்ச் என்ற கட்டளையைச் சேர்த்தால் சில நொடிக்கு ஒருமுறை தானாகவே மறுபடி எண்ணும். கட்டுரை எழுதிப் பழகும் மாணவர்களுக்கு இது நல்ல துணை. மேலே தட்டித் தட்டிச் சேமிக்கச் சேமிக்க, கீழே எண் ஏறிக்கொண்டே போகும். எழுத்துகளை எண்ணச் சொன்னால் மட்டும் ஏமாறாதீர்கள். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. வரி முடிவையும் சேர்த்து ஆறு என்று காட்டும்.

தமிழைக் காட்டுவதில் முனையம் கெட்டிக்காரன் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள பெட்டி என்பதுதான் விடி100 காலத்துக் கணக்கு. 'கொ' போல இரண்டு பக்கமும் குறி வாங்கும் எழுத்து அந்தப் பெட்டிக்குள் அடங்காது. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறித் தெரியலாம். கோப்பு கெட்டுவிடவில்லை, காட்சிதான் அப்படி. தேடலை முனையத்தில் செய்துவிட்டு, படிக்கும் வேலையை எழுத்து ஒழுங்காகத் தெரியும் செயலியில் செய்வதில் தவறே இல்லை. கண் வலி வந்தால் நானும் அப்படித்தான்.

நிரல் எழுதும் மாணவர்களுக்கு

எஸ்.பி.எம். கணினி அறிவியலில் ஜாவா எழுதுகிறவர்கள், சிங்கப்பூரில் சாதாரண நிலைக் கணினிப் பாடத்துக்குப் பைத்தான் எழுதுகிறவர்கள், இது உங்களுக்கு. பல மாணவர்கள் நிரலைத் திறப்பார்கள், ஒரு வரி திருத்துவார்கள், சேமித்து மூடுவார்கள், ஓட்டுவார்கள், பிழை வரும், மறுபடி திறப்பார்கள். அதற்குள் பிழைச்செய்தியில் எந்த வரி எண் சொன்னது என்பது மறந்துபோகும்.

திரையை மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நிரல், நானோ போன்ற எளிய திருத்தியில். வலப்பக்கம் மேலே ஓட்டுவதற்கு. வலப்பக்கம் கீழே பைத்தானை மட்டும் தட்டித் திறந்து வைத்த சோதனைக் கட்டம். நானோவில் கண்ட்ரோல், ஓ, எண்டர் தட்டினால் சேமிக்கும். மூட வேண்டியதில்லை. ஆல்ட், வல அம்புக்குறி. மேல் அம்புக்குறி தட்டினால் முன்பு கொடுத்த கட்டளை தானாக வரும். எண்டர். பிழைச்செய்தி வலப்பக்கம், பிழையான வரி இடப்பக்கம், இரண்டும் ஒரே பார்வையில்.

ஓர் உதாரணம். இரண்டு பாடத்தின் மதிப்பெண்ணை வாங்கிக் கூட்டும் நிரல். 45, 38 என்று கொடுத்தால் 83 வர வேண்டும். ஆனால் 4538 என்று வருகிறது. பிழைச்செய்தியே இல்லை! தேர்வில் இப்படி நடந்தால் பதறிப்போய் முழு நிரலையும் மாற்ற ஆரம்பிப்பீர்கள். வேண்டாம். சோதனைக் கட்டத்துக்கு வாங்க. மேற்கோள்குறிக்குள் 45, கூட்டல்குறி, மேற்கோள்குறிக்குள் 38 என்று தட்டுங்கள். அங்கேயும் 4538. மேற்கோள்குறி இல்லாமல் தட்டுங்கள். 83. புரிந்துவிட்டதா? இன்புட் கட்டளை எதை வாங்கினாலும் எழுத்துச்சரமாகத்தான் தரும். எழுத்துச்சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். நிரலில் இரண்டு இடத்தில் 'இன்ட்' போட்டு எண்ணாக்கினால் வேலை முடிந்தது. நிரலைக் கைவைக்காமலே காரணத்தைக் கண்டுபிடித்தீர்கள், அதற்குத்தான் அந்தச் சின்னக் கட்டம்.

பைத்தான் பிழைச்செய்தி நீளமாக வந்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். என்ன பிழை என்பது கடைசி வரியில், எங்கே என்பது அதற்குச் சற்று மேலே. ஜாவா எழுதுகிறவர்கள் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி தொகுத்துப் பாருங்கள். ஓர் அரைப்புள்ளி விடுபட்டதற்கு அது ஐந்து வரி புலம்பும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தேர்வு அறைக் கணினியில் எந்த மென்பொருள் இருக்குமோ அதிலும் தனியாகப் பழகுங்கள். வீட்டில் நான்கு கட்டம், அங்கே ஒற்றைச் சாளரம் என்றால் கை தடுமாறும்.

ஒரே தட்டலில் எல்லாக் கட்டத்துக்கும்

டெர்மினேட்டரில் ஒலிபரப்பு என்ற வசதி உண்டு. ஆல்ட், ஏ தட்டினால் நீங்கள் எழுதுவது எல்லாக் கட்டத்திலும் ஒரே நேரத்தில் பதியும். கணினிக்கூடத்தில் நான்கு பழைய லினக்ஸ் கணினிகள் இருக்கின்றன, நான்கிலும் ஒரே மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்று வையுங்கள். நான்கு கட்டம் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கணினிக்கு எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, ஒரே தடவை கட்டளை கொடுத்தால் நான்கிலும் நடக்கும். நிறுத்த ஆல்ட், ஓ.

என் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு சாளரத்தில் தவறாகத் தட்டியதற்கே 34 கட்டுரை போனது. ஒலிபரப்பை நிறுத்த மறந்துவிட்டு அழிக்கும் கட்டளை கொடுத்தால் நான்கு கணினியும் சேர்ந்து கீழ்ப்படியும். வேலை முடிந்த அடுத்த நொடியே ஆல்ட், ஓ. கூடத்தை நிர்வகிக்கும் வேலை இல்லாதவர்கள் இந்த வசதி இருப்பதையே மறந்துவிடலாம்.

தினமும் ஒரே அமைப்பைப் பிரித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அமைப்புகளில் லேஅவுட் என்ற பகுதியில் இப்போதைய பிரிவைப் பெயரிட்டுச் சேமிக்கலாம். ஒவ்வொரு கட்டமும் எந்தக் கோப்புறையில் திறக்க வேண்டும், எந்த நிறச் சுயவிவரம் என்பதையும் அங்கேயே குறித்துவைக்கலாம். பிறகு டெர்மினேட்டர் என்று தட்டி, கழித்தல்குறி, எல், லேஅவுட்டின் பெயர் கொடுத்தால் எல்லாம் தயாராக வந்து நிற்கும். எனக்குக் 'கட்டுரை' என்று ஒன்று, 'நிரல்' என்று ஒன்று. நான்கு கட்டத்துக்கு மேல் நான் போவதில்லை. சின்ன மடிக்கணினியில் ஆறு கட்டம் வைத்தால் ஒன்றையும் படிக்க முடியாது.

விண்டோஸ், மேக் வைத்திருப்பவர்கள்

விண்டோஸ் டெர்மினல் என்ற இலவச மென்பொருளின் முதல் முழுப்பதிப்பு 2020 மே மாதம் வந்தது. விண்டோஸ் 11இல் கூடவே வருகிறது. ஆல்ட், ஷிப்ட், கூட்டல்குறி தட்டினால் பக்கவாட்டில் பிரியும். ஆல்ட், ஷிப்ட், கழித்தல்குறி தட்டினால் மேல், கீழாகப் பிரியும். நகர்வதற்கு இங்கும் ஆல்ட்டும் அம்புக்குறியும்தான். ஆனால் கிரெப், டபிள்யூ-சி போன்ற கட்டளைகள் விண்டோஸில் தாமாக இல்லை. நிர்வாகி உரிமையோடு டபிள்யூ-எஸ்-எல் என்று தட்டி, இரண்டு கழித்தல்குறியோடு இன்ஸ்டால் என்று கொடுத்தால் விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு வந்துவிடும். பள்ளிக் கணினியில் அந்த உரிமை உங்களுக்கு இருக்காது. சொந்தக் கணினியில் செய்து பாருங்கள்.

மேக் கணினிக்கு ஐடெர்ம்2. கமாண்ட், டி பக்கவாட்டில். ஷிப்டையும் சேர்த்தால் மேல், கீழ்.

எந்தக் கணினியானாலும் முனையத்துக்குள்ளேயே ஓடக்கூடியது டிமக்ஸ். முதலில் கண்ட்ரோல், பி தட்டி, கையை எடுத்துவிட்டு, விழுக்காட்டுக்குறி தட்டினால் பக்கவாட்டில் பிரியும். இரட்டை மேற்கோள்குறி தட்டினால் மேல், கீழ். பழக நாளாகும். ஆனால் தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்யும்போது இணையம் அறுந்தாலும் டிமக்ஸுக்குள் நடந்த வேலை அங்கே அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி நுழைந்து டிமக்ஸ் அட்டாச் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் மின்னல் வெட்டினால் இணைப்புப் போகும் ஊரில் இருக்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கடைசியாக, கட்டத்தை மூடும் விதம். டெர்மினேட்டரில் ஒரு கட்டத்தை மட்டும் மூட கண்ட்ரோல், ஷிப்ட், டபிள்யூ. சாளரத்தையே மூட கண்ட்ரோல், ஷிப்ட், க்யூ. விசைப்பலகையைப் பாருங்கள், க்யூவும் டபிள்யூவும் அக்கம்பக்கத்து வீடு. பல கட்டங்கள் திறந்திருக்கும்போது க்யூவைத் தட்டினால் மூடட்டுமா என்று ஒரு கேள்வி வரும். அப்போது எண்டரைத் தட்டாமல் ஒரு மூச்சு விட்டுப் படியுங்கள். நான் விசைகளின் பட்டியலுக்குப் போய் அந்தக் க்யூவையே மாற்றிவிட்டேன்.